முதல் காப்பை அவிழ்த்தவன்

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால், இரும்பு உருக்கும் கம்பெனிகளின் கரி வந்து படிகிற தூரத்தில், இருபத்திரண்டு அறை கொண்ட லைன் வீடு கட்டினேன். அதற்கு முன்னால் அது கருவேல முள்காடு. போர் போட்டேன். மூன்று இடத்தில் உப்புத் தண்ணீர் வந்து முகத்தில் அடித்தது. நாலாவது இடத்தில் நல்ல தண்ணீர் கண்டேன். அந்தத் தண்ணீரை வைத்து டேங்கர் லாரி வாங்கினேன். லாரியை வைத்து, ஸ்டேஷனிலிருந்து கம்பெனிக்கு ஆள் ஏற்றும் வேன் வாங்கினேன். அம்மன் கோயிலுக்கு முன்னால் வளைவு எழுப்பினேன். என் அப்பா கூலிக்கு நாற்று நட்ட வயலுக்கு நேர் எதிரே கல்யாண மண்டபம் கட்டினேன். இவ்வளவையும் செய்தவன் மூணாங் கிளாசைத் தாண்டாதவன். பாங்கியில் எனக்கு நாற்காலி காட்டாத மேனேஜர்கள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் தன் மகள் கல்யாணத்துக்கு என் மண்டபத்தைக் கேட்டு வந்தார். நான் நாற்காலி போட்டுத்தான் பேசினேன்.

இதெல்லாம் ரோட்டில் போகிறவன் கண்ணுக்குத் தெரிகிற காரியங்கள். எல்லாவற்றிலும் என் பெயர் சிமென்டில் பதித்திருக்கிறது. நான் இப்போது எழுத வந்தது கண்ணுக்குத் தெரியாத ஒரு காரியத்தைப் பற்றி. நோய் வந்தால் ஊருக்கே தெரியும். வராமல் நின்று போனால் எவனுக்குத் தெரியும்? அதற்கு எவன் கல் நடுவான்? அதனால் நானே எழுத வேண்டியிருக்கிறது. எழுத்துப் பிழையை என் பேத்தி திருத்திவிடுவாள். விஷயத்தில் பிழை கிடையாது.

என் லைன் வீட்டில் இருப்பவர்கள் எல்லாரும் ஒரு காலத்தில் வயல் வேலைக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள். இந்து வீடும் உண்டு, கிறிஸ்தவ வீடும் உண்டு. ஆண்கள் உருக்காலையிலும் கம்பி உருட்டும் இடத்திலும் நிற்கிறார்கள், பெண்கள் பேக்கிங் கம்பெனியில். எல்லாம் கான்ட்ராக்ட் வேலை. ஒரு நாள் வரவில்லை என்றால் அடுத்த நாள் கேட்டில் வேறு ஆள் நிற்பான். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் படித்தவர்கள், இந்த ஜனங்களுக்குப் புத்தியில்லை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள்.

பயம் ஆரம்பித்தது கொரோனா காலத்தில். என் லைன் வீட்டிலிருந்த ஒரு வெல்டர் ஊசி போட்டுக்கொண்ட வாரத்திலேயே செத்துப்போனான். இதயம் நின்றது, ஊசியால் இல்லை என்று டாக்டர் சொன்னார். டாக்டர் சொன்னது ஒரு தடவை. போனில் வந்த குரல் ஆயிரம் தடவை. ஊசி போட்டவன் ரெண்டு வருசம் தாங்க மாட்டான் என்று எவனோ ஒருவன், முகம் தெரியாதவன், அழுகிற குரலில் பேசி அனுப்பியிருந்தான். அந்தக் குரல் ஷிப்ட் வேனில் ஓடியது, டீக்கடையில் ஓடியது. ரெண்டு வருசம் போயிற்று, அந்தக் குரல் சொன்ன மாதிரி யாரும் சாகவில்லை. ஆனால் பயம் போகவில்லை. பெரியவர்கள் ஊசியிலிருந்து அது இறங்கி, குழந்தைகள் ஊசிக்கு வந்துவிட்டது. புதன்கிழமை தோறும் துணை சுகாதார நிலையத்தில் குழந்தைகளுக்கு ஊசி. போட்டால் ராத்திரி ஜுரம் வரும். குழந்தை அழுதால் தாய் தூங்க முடியாது, காலை ஷிப்டு போகும். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளித் தள்ளி, எங்கள் தெருவில் பாதிக் குழந்தைகள் தட்டம்மை ஊசியைப் பார்க்காமலே வளர்ந்தன.

முந்தின வருடத்துக்கு முந்தின ஆடியில் அம்மை வந்தது.

எங்கள் ஊரில் ஆடிக் கூழுக்குக் காப்புக் கட்டுவது சாதாரண காரியம் இல்லை. மஞ்சள் கயிற்றில் வேப்பிலை வைத்து முதலில் ஒருவர் கையில் கட்டுவார் பூசாரி. அது முதல் காப்பு. அது கட்டியதும் ஊரே கட்டுப்பட்டது. எந்த வீட்டிலும் தாளிக்கக் கூடாது, எவரும் முகம் மழிக்கக் கூடாது, ஊர் எல்லையைத் தாண்டித் தங்கக் கூடாது. முக்கியமாக, உடம்பில் இரும்பு படக் கூடாது, ரத்தம் சிந்தக் கூடாது. கூழ் ஊற்றி, முதல் காப்பு அவிழ்ந்தால்தான் எல்லாருக்கும் அவிழ்ந்த மாதிரி. இந்த முதல் காப்பு காலங்காலமாக நிலம் வைத்திருந்த பெரிய வீட்டுக்குத்தான். எங்கள் வகையறா பந்தல் கால் நடும், விறகு பிளக்கும், கடைசியில் கூழ் வாங்கிக் குடிக்கும். வளைவு கட்டிய வருடம் நான் கேட்டேன். நாலு கூட்டம் நடந்தது, சண்டை வந்தது, போலீஸ்கூட வந்தது. வாங்கினேன். அப்பா உயிரோடு இல்லை. என் கையில் கயிறு ஏறும்போது அம்மா ஓரமாக நின்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அதிலிருந்து ஒரு வருடம்கூட விடாமல் முதல் காப்பு என் கையில்தான்.

அந்த ஆடியிலும் வெள்ளிக்கிழமை கட்டினேன். மறுநாளே பேச்சு வந்தது, லைன் வீட்டில் ரெண்டு மூன்று குழந்தைகளுக்கு அம்மா வந்திருக்கிறாள் என்று. அதற்கு அடுத்த நாள் நர்ஸம்மா ஆட்களோடு வந்துவிட்டாள். எங்கள் பகுதிக்கு அவள்தான் கிராம நர்ஸ். கை நிறைய வேலை, கால் நிறைய வெடிப்பு. ஏற்கெனவே ஊசி போட்டிருந்தாலும் போடாவிட்டாலும் தெருவிலிருக்கிற எல்லாக் குழந்தைகளுக்கும் இன்னொரு தடவை போட வேண்டும் என்று மேலிடத்து உத்தரவு. மண்டபத்தைக் கொடுங்கள் ஐயா, ரெண்டு நாளில் முடித்துவிடுகிறோம் என்று கேட்டாள். காப்புக் கட்டியிருக்கிறதே அம்மா, கூழ் முடியட்டும் என்றேன். அம்மை கூழுக்குக் காத்திருக்காது ஐயா என்றாள். சரியான பேச்சுதான். ஆனால் என் கையில் இருந்தது வெறும் கயிறு இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நான் தினமும் என் வாசலில் இருந்தே பார்த்தேன். காலையில் வண்டி வரும். நர்ஸம்மா இறங்குவாள், பக்கத்து ரெண்டு ஊர் நர்ஸுகளும் இறங்குவார்கள், வீடு வீடாகச் சுகர் மாத்திரை கொடுக்கிற பெண் இறங்குவாள், புண்ணுக்குக் கட்டுப் போடுகிற பெண் இறங்குவாள். ஐஸ் வைத்த நீலப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு கதவு கதவாகத் தட்டுவார்கள். காப்புக் கட்டியிருக்கு என்பார்கள் உள்ளே. புள்ள ஊருக்குப் போயிருக்கு என்பார்கள். புள்ள கட்டிலுக்கடியில் இருந்து இருமும். எங்காவது ஒரு தாய் மனசு இளகிக் குழந்தையைக் கொண்டுவந்தால், அந்த ஒரு குழந்தைக்காக ஒரு பாட்டிலைத் திறப்பார்கள். பத்துப் பிள்ளைக்கு வருகிற மருந்து. திறந்துவிட்டால் நாலு மணி நேரம்தான், பிறகு வீண். மத்தியானம் மிச்சத்தை ஓரமாக வைத்துவிட்டு அடுத்த தெருவுக்குப் போவார்கள். நான் அரை மூட்டை சிமென்ட் மழையில் நனைந்தால் மேஸ்திரியை நாலு நாள் ஏசுகிறவன். அந்த பாட்டில்களை வாசலில் இருந்தே தினமும் எண்ணினேன்.

பாட்டில் போனால் இன்னொரு பாட்டில் வரும். ஆள் போனால்? எங்கள் தெருவிலேயே எல்லாரும் நின்றதால் துணை சுகாதார நிலையம் பூட்டிக் கிடந்தது. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் வந்து பூட்டைப் பார்த்துவிட்டு ஆட்டோவில் திரும்பினார்கள். மீஞ்சூர் போகிற ரோட்டில் ஒரு ஊரில் என் தம்பி இருக்கிறான். சுகர்க்காரன், காலில் ஆறாத புண். ஒரு நாள் விட்டு ஒரு நாள் அந்தப் பெண் வீட்டுக்கே போய்க் கட்டு மாற்றிவிடுவாள். அவள் எங்கள் தெருவில் நின்றாள். தம்பி பெண்டாட்டி எனக்குப் போன் செய்தாள்.

"மாமா, கட்டு மாத்துற பொண்ணு உங்க தெருவுலதான் நின்னுகினு கீதாம். அவுருக்குக் கால் நாத்தம் அடிக்குது. உங்க ஊர்ல எப்பதான் மாமா அதுங்கள உடுவீங்க?"

நான் வேன் அனுப்பி அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். விரல் ஒன்றை எடுத்துவிட்டார்கள். சுகர் புண் எப்படியும் அப்படித்தான் என்று சிலர் சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் எங்கள் தெரு ஒரு ஊசிக்குக் கதவைச் சாத்தினால், அந்தக் கதவு எங்கெங்கோ இருக்கிறவன் காலில் விழுகிறது என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். கவர்மென்ட் ஆஸ்பத்திரி என்றால் கிணறு மாதிரி, இறைக்க இறைக்க ஊறும் என்று நினைத்திருந்தோம். அது டேங்கர் லாரி. ஒரு தெருவிலேயே குழாயைத் திறந்துவிட்டால் அடுத்த தெருவுக்குத் தண்ணீர் இல்லை.

என் வீட்டுக்காரி மட்டும் அந்த வாரம் முழுக்க முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பெரிய வீட்டுக்காரர், அதாவது என்னிடம் முதல் காப்பைப் பறிகொடுத்த வீட்டின் இப்போதைய பெரியவர், காப்புக் காலத்தில் ஊசி குத்தினால் ஊர் அழியும் என்று கோயிலில் உட்கார்ந்து பேசியிருக்கிறார். அதைக் கேட்டு இவள் கையைத் தட்டினாள்.

"அவுரு சுகருக்குத் தெனம் தொடையில குத்திக்கிறாரே, அது இன்னா ரோஜா முள்ளா?"

நானும் சிரித்தேன். ஆனாலும் கயிறு கையில் இருந்தது.

அது அவிழக் காரணம் ஒரு கிறிஸ்தவப் பெண். லைன் வீட்டில் எட்டாவது அறை. அவள் புருஷன் உருக்காலையில். அவள் பேக்கிங்கில் ரெண்டாவது ஷிப்டு. ஐந்து மாதப் பெண் குழந்தை. பக்கத்து ஒன்பதாவது அறைக்காரி முதல் ஷிப்டு. இவள் வேலைக்குப் போகும்போது குழந்தையை அவளிடம் விடுவாள். அவள் போகும்போது அவளுடைய ஐந்து வயது மகளை இவள் பார்த்துக்கொள்வாள். கம்பெனிப் பெண்கள் எல்லாம் இப்படி ஜோடி சேர்ந்துதான் பிள்ளை வளர்க்கிறார்கள். வேறு வழி கிடையாது.

அம்மை கண்ட வீட்டில் வாசல் நிலையில் வேப்பிலை செருகுவது எங்கள் வழக்கம். சாமிக்காகச் செய்கிறோம் என்று சொன்னாலும், பார்க்கிறவர்களுக்கு அது ஒரு சேதி. அந்த வீட்டுக்குள் எவரும் போக மாட்டார்கள், கைக்குழந்தையை அந்தப் பக்கமே எடுத்துப் போக மாட்டார்கள். அந்த ஆடியில் நர்ஸம்மா என்ன செய்தாள் என்றால், வேப்பிலை இருக்கிற கதவாகப் பார்த்துத் தட்ட ஆரம்பித்தாள். அவள் வேலைக்கு அது சரி. ஜனங்களும் பார்த்தார்கள். ஒவ்வொருவராக வேப்பிலையை வாசலில் இருந்து எடுத்து, கதவுக்கு உள்பக்கம் ஆணியில் மாட்டிவிட்டார்கள். நர்ஸுக்குத் தெரியக் கூடாது என்று. பக்கத்து வீட்டுக்காரிக்கும் தெரியாமல் போனது அதனால்தான். எத்தனையோ தலைமுறையாக அம்மையை வீட்டுக்குள் நிறுத்திவைத்த அந்த ஒரு கொத்து இலையை, ஊசிக்குப் பயந்து நாங்களே மறைத்துவிட்டோம்.

வியாழக்கிழமை மத்தியானம் அந்தப் பெண் குழந்தையோடு என் வாசலில் வந்து நின்றாள். கம்பெனி யூனிபார்ம் போட்டிருந்தாள். வேலைக்குக் கிளம்பியவள், குழந்தையை விடப் போயிருக்கிறாள். ஒன்பதாவது அறைக் கதவு காற்றில் திரும்ப, உள்பக்க ஆணியில் வேப்பிலை தெரிந்திருக்கிறது.

"நைனா, உள்ள மாட்டிக்கீறாங்க நைனா," என்றாள். "அந்தப் பொண்ணு ஒடம்பு பூரா செவந்து கெடக்குது. மூணு நாளா இருக்குதாம். நேத்து வரைக்கும் எம் புள்ள அது பக்கத்துலதான் பட்துனு இருந்துச்சி."

ஏன் சொல்லவில்லை என்று ஒன்பதாவது அறைக்காரியைக் கேட்டாயா என்றேன். கேட்டாளாம். மகள் ஊருக்குப் போயிருக்கிறாள் என்று பொய் சொல்லி, மூன்று நாளாகக் கதவோரத்திலேயே குழந்தையை வாங்கிக்கொண்டவள் அவள். சொன்னால் நீ வேலைக்குப் போக மாட்டாய், நானும் போக முடியாது, அம்மா தானே, மூன்று தண்ணீர் ஊற்றினால் இறங்கிவிடுவாள் என்று அவள் அழுதாளாம். இவளுக்குத் திட்ட மனசு வரவில்லை.

நான் நர்ஸம்மாவை அழைத்துவரச் சொன்னேன். அவள் குழந்தையைத் தொட்டுப் பார்த்தாள். இப்போது ஒன்றும் இல்லை, ஆனால் ரெண்டு வாரம் வரை எப்போது வேண்டுமானாலும் ஜுரம் வரலாம் என்றாள். ஊசி போட்டுவிடு என்றேன். ஐந்து மாதத்துக்குப் போட முடியாது ஐயா, வயசு பத்தாது என்றாள். இந்த மாதிரிக் கைக்குழந்தைகளுக்குச் சுற்றியிருக்கிற பிள்ளைகளுக்குப் போடுகிற ஊசிதான் காவல் என்று சொன்னாள். ஒன்பதாவது அறைச் சிறுமிக்கு அதற்குள் மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது. நூத்தியெட்டு வந்தது. அந்த ஐந்து வயதுப் பெண்ணைத் தூக்கிக்கொண்டு போகும்போது தெருவே கதவைத் திறந்து நின்றது. பல கதவுகளுக்குப் பின்னால் பச்சை இலை தொங்கியது. எத்தனை கதவு என்று எண்ண எனக்குத் தைரியம் வரவில்லை.

யூனிபார்ம் போட்ட பெண் அதே இடத்தில் நின்றிருந்தாள். சத்தம் போடவில்லை. என் மணிக்கட்டைப் பார்த்தே கேட்டாள்.

"நாங்க சர்ச்சுக்குப் போறவங்க. உங்க கயிறு எம் புள்ளைக்கும் சேத்தா கட்டியிருக்கு நைனா?"

எனக்குப் பதில் சொல்லப் பழக்கம் உண்டு. தாசில்தாருக்குச் சொல்லியிருக்கிறேன், கம்பெனி முதலாளிக்குச் சொல்லியிருக்கிறேன். இவளுக்குச் செய்துதான் காட்ட வேண்டும். அவளையும் குழந்தையையும் என் வீட்டு மாடி அறைக்கு அனுப்பிவைத்துவிட்டுக் கோயிலுக்கு நடந்தேன்.

பூசாரி எனக்கு இளையவர். விளக்குத் துடைத்துக்கொண்டிருந்தார். காப்பை அவிழ்த்துவிடு என்றேன். அவர் விளக்கைக் கீழே வைத்தார். கூழ் ஊற்றாமல் எப்படி அவிழ்ப்பது என்று கேட்டார். முதல் காப்பு அவிழ்ந்தால் ஊருக்கு அவிழ்ந்தது என்று நீதானே சொல்வாய், நாளைக்கு ஊசி போட வேண்டும், அதற்கு அவிழ்க்க வேண்டும் என்றேன். பெரிய வீட்டுக்காரரும் அங்கேதான் தூணோரம் உட்கார்ந்து என் கயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அது அவிழ்ந்தால் எந்தக் கைக்குப் போகும் என்று அவருக்குத் தெரியும்.

"யோசிச்சிக்கணா," என்றார் பூசாரி. "அம்மனுக்குக் கூழு ஊத்தாம உட முடியாது. நீ நடுவுல அவுத்துட்டா, நா வேற கையிலதான் கட்டணும். அதுக்கப்புறம் அது உன் கைக்குத் திரும்பாதுணா. உன் புள்ளைக்கும் வராது."

"தெரியும்பா. அவுத்துடு."

"தெய்வக் குத்தம் ஆச்சின்னா?"

"என் தலையில எழுதிக்கோ. ஊருக்கு வாணாம்."

முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தார், இரும்பு வைக்கக் கூடாது என்பதால். சூலத்தில் கட்டச் சொல்லி என் கையில் கொடுத்தார். கட்டினேன். வெளியே வரும்போது நான் கட்டிய வளைவுக்குக் கீழே நடந்தேன். மணிக்கட்டில் கயிறு இருந்த இடம் வெளுத்துத் தெரிந்தது. அதைச் சட்டைக்குள் மறைக்கவில்லை. டீக்கடை, பால் பூத், ஷிப்ட் வேன் நிற்கிற முனை என்று எல்லா இடத்திலும் கையைக் காட்டிக்கொண்டே போனேன். காப்பு அவிழ்ந்தது, மண்டபம் திறந்திருக்கும், நாளைக்கும் மறுநாளும் ஊசி. என் லைன் வீட்டில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொன்னேன்: அம்மை இருக்கிற வீடு வேப்பிலையை வாசலில் மாட்ட வேண்டும், மாட்டினதற்காக யாரையும் காலி பண்ணச் சொல்ல மாட்டேன், மறைத்தால்தான் சொல்வேன். ஜுரத்தால் ஷிப்டு போகிற பெண்களுக்காக நானே மூன்று கான்ட்ராக்டர்களிடம் போய் நின்றேன். ரெண்டு பேர் ஒத்துக்கொண்டார்கள். மூன்றாமவன் இழுத்தான். அவன் கம்பெனிக்கு என் டேங்கரில்தான் தண்ணீர் போகிறது என்பதை ஞாபகப்படுத்தினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் மண்டபத்தில் முதல் நாற்காலியில் என் பேத்தி உட்கார்ந்தாள். அவளுக்கு எல்லா ஊசியும் போட்டாயிற்று. என் மருமகள் காலேஜ் படித்தவள், எதையும் விடவில்லை. இருந்தாலும் முதலில் அவள் கைதான் நீள வேண்டும் என்று நான் சொல்லிவிட்டேன். வாசலில் கூட்டம் நின்று பார்த்தது. பேத்தி அழுதாள். அழட்டும். பிறகு ஒரு தாய் வந்தாள், பிறகு ரெண்டு பேர். மத்தியானத்துக்குள் வரிசை மண்டபத்து வாசலைத் தாண்டி வயல் வரப்பு வரை போனது. அன்றைக்குத் திறந்த பாட்டிலில் ஒன்றுகூட வீணாகவில்லை என்று நர்ஸம்மா சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை துணை சுகாதார நிலையத்துப் பூட்டைத் திறந்து கூட்டிப் பெருக்கினார்கள். முதல் காப்பு அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய வீட்டுக்காரர் கையில் ஏறியது. நான் போகவில்லை. மேளச் சத்தம் வீடு வரைக்கும் வந்தது. என் மகன் என்னோடு ஒரு மாதம் சரியாகப் பேசவில்லை.

மாடியில் இருந்த குழந்தையை நர்ஸம்மா தினமும் வந்து பார்த்தாள். இப்போது அவளுக்குக் கதவு கதவாகத் தட்டுகிற வேலை இல்லாததால் வர முடிந்தது. இதைக் கவனித்துப் படிக்க வேண்டும், இதுதான் விஷயம். அடுத்த வாரக் கடைசியில் ஒரு விடியலில் குழந்தைக்கு ஜுரம் வந்தது. தாய் தூக்கிக்கொண்டு கீழே ஓடிவந்தாள். நர்ஸம்மா வந்து பார்த்து, சிவப்புத் தடிப்பு வெளியே தெரிவதற்கு முன்பே வண்டிக்குச் சொல்லிவிட்டாள். வண்டி வேறெங்கும் சுற்றிக்கொண்டிருக்கவில்லை. டீ ஆறுவதற்குள் வந்தது. சென்னையில் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் வைத்து நாள் கணக்கில் படுத்திருந்தது. அந்தத் தாய் ஆஸ்பத்திரித் தரையில் துண்டை விரித்துப் படுத்தாள். நான் வேன் எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவருவேன். உள்ளே விட மாட்டார்கள். கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். அந்த நெஞ்சு ஏறி ஏறி இறங்கும். நான் எத்தனையோ கட்டடத்துக்குக் கான்கிரீட் போட்டுவிட்டு நிற்குமா நிற்குமா என்று விடிய விடியக் காத்திருக்கிறவன். அந்தக் கண்ணாடிக்கு முன்னால் நின்ற மாதிரி எங்கும் நின்றதில்லை.

அந்த உயிர் தங்கி நின்றது. நெஞ்சிலிருந்த சளி கரைந்தது. ஒரு நாள் குழாயை எடுத்துவிட்டார்கள். சீக்கிரம் கொண்டுவந்ததால் பிழைத்தது, ஒரு நாள் தள்ளியிருந்தால் சொல்ல முடியாது என்று அங்கிருந்த டாக்டர் தாயிடம் சொன்னார். அவள் அதை என்னிடம் சொன்னாள். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனாள்.

ஒன்பதாவது அறைச் சிறுமியும் பிழைத்துவிட்டாள். ஆனால் காது போயிற்று. மூன்று நாள் கதவுக்குள் இருந்த அம்மை அது. இப்போது காதில் மிஷின் மாட்டியிருக்கிறாள். அது கொஞ்சம்தான் கேட்கிறது. வாரம் ஒரு முறை திருவள்ளூருக்குப் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப் போகிறார்கள். ஒரு டீச்சர் ஒரு மணி நேரம் அவளுக்கென்றே உட்கார்ந்து உதட்டைக் காட்டிக் காட்டிச் சொல்லிக் கொடுக்கிறாளாம். பல வருடம் ஆகும் என்கிறார்கள். ஒரு ஷிப்டு போகுமே என்று தள்ளிவைத்த ஊசி அது. இப்போது அந்தத் தாய்க்கு வாரா வாரம் ஒரு ஷிப்டு போகிறது. நான் அவளைக் குறை சொல்ல எழுதவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் அவள் தலையைக் குனிந்துகொள்கிறாள். குனியாதே என்று சொல்லியிருக்கிறேன். மகள் என்னைப் பார்த்தால் கையை ஆட்டுவாள். கேட்காததால் கொஞ்சம் பலமாக ஆட்டுவாள்.

இவ்வளவும் ஆன பிறகு, எங்கள் தெருவில் புதிதாக எந்தக் குழந்தைக்கும் வரவில்லை, ஏற்கெனவே கண்டவர்களுக்கும் இறங்கிவிட்டது. வந்திருந்தால் எத்தனை வண்டி, எத்தனை குழாய், இன்னும் எத்தனை தம்பிகளின் கால்? அதைப் பார்த்தவர் எவரும் இல்லை, ஏனென்றால் அது நடக்கவே இல்லை. டீக்கடைப் பையன்கள் எனக்கு வைத்த பெயர்தான் மிச்சம்: ஊசி நைனா. கோயில் பக்கம் போனால் சிலர் அதைச் சத்தமாகவே சொல்வார்கள். பெரிய வீட்டுக்காரர் வாயில் சிரிப்பு வரும். சொல்லட்டும்.

எனக்கு வலிப்பது வேறு. போன வருடம் துணை சுகாதார நிலையத்துக்குப் புதுச் சுவர் எழுப்பி விழா வைத்தார்கள். மேடையில் பெரிய அதிகாரி பேசினார். அம்மையைக் கட்டுப்படுத்தியதில் டாக்டருக்கு நன்றி, நர்ஸுகளுக்கு நன்றி என்றார். நர்ஸம்மாவுக்குச் சால்வை போட்டார்கள். கை தட்டினேன், அவளுக்குப் போட வேண்டியதுதான். பிறகு, ஊர்ப் பெரியோர்களின் ஒத்துழைப்புக்கும் நன்றி என்று ஒரே மூச்சில் முடித்துவிட்டார். மேடையில் ஊர்ப் பெரியோர் வரிசையில் உட்கார்ந்திருந்தது யார் தெரியுமா? முதல் காப்புக்காரர். நான் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில், என் மண்டபத்திலிருந்து வந்த நாற்காலியில், உட்கார்ந்திருந்தேன். எட்டாவது அறைப் பெண் குழந்தையோடு வந்திருந்தாள். அது இப்போது நடக்கிறது, ஓடுகிறது. ஒன்பது மாதம் ஆனதும் அதற்குரிய ஊசியைப் புதன்கிழமை வரிசையில் நின்று தாய் போட வைத்தாள். அவள்தான் அந்தக் கூட்டத்தில் திரும்பி என்னைப் பார்த்தவள்.

ஒத்துழைப்பு என்றால் என்ன? நாற்காலி தூக்கிப் போடுவது ஒத்துழைப்பு. நான் செய்தது அது இல்லை. எங்கள் வகையறாவில் எவனுக்கும் கிடைக்காததை, நான் சண்டை போட்டு வாங்கியதை, என் பிள்ளைக்குப் போய்ச் சேர வேண்டியதை, ஒரு சாயங்காலத்தில் அவிழ்த்துக் கொடுத்திருக்கிறேன். அதனால் கதவுகள் திறந்தன. கதவு திறந்ததால் நர்ஸம்மாவுக்கு நேரம் கிடைத்தது. நேரம் கிடைத்ததால் ஒரு குழந்தை மூச்சு விடுகிறது. இதில் என் பங்கு இல்லை என்று சொல்கிறவன் முன்னால் வரட்டும்.

அந்தப் புதுச் சுவரில் வெள்ளையடித்த இடம் இன்னும் காலியாக இருக்கிறது. அதில் எழுதுங்கள். லைன் வீட்டுக்காரன் என்று வேண்டாம், வளைவு கட்டியவன் என்றும் வேண்டாம். அந்த ஆடியில் ஊர்ப் பிள்ளைகளுக்காக முதல் காப்பை நடுவில் அவிழ்த்தவன் என்று என் பெயரைப் போட்டு எழுதுங்கள். பெயின்ட் செலவை நான் தர மாட்டேன். இதுவரைக்கும் என் பெயர் இருக்கிற எல்லா இடத்துக்கும் நானே கொடுத்துத்தான் பதித்தேன். இந்த ஒன்றை ஊர் கொடுத்து எழுத வேண்டும்.